சங்கீதங்களும் கடைசிக்காலத் தீர்க்கதரிசனமும்

விவிலியத்தின் சங்கீத நூலில் உள்ள பாடல்களுக்கும், உலக முடிவு, கிறிஸ்துவின் இரண்டாம் வருகை, ஆயிரவருஷ அரசாட்சி, இறுதி நியாயத்தீர்ப்பு ஆகியவை பற்றிய கிறித்தவ எதிர்பார்ப்புகளுக்கும் இடையே ஒப்புமை காணும் வாசிப்பு முறை மிகப் பழமையானது. புதிய ஏற்பாட்டை எழுதியவர்களே அதைத் தொடங்கி வைத்தனர். திருச்சபைத் தந்தையரும் சீர்திருத்தக் காலத்து இறையியலாளரும் அதை வெவ்வேறு விதமாகக் கையாண்டனர். 20 ஆம் நூற்றாண்டில் சங்கீதத்தின் எண்ணை ஆண்டின் எண்ணாகக் கொள்ளும் ஒரு முறையும் இதனுடன் சேர்ந்துகொண்டது. இவை எல்லாமே "சங்கீதத்தில் கடைசிக்காலம்" என்ற ஒரே தலைப்பில் பேசப்பட்டாலும், இவற்றின் தரம் ஒன்றல்ல. சில ஒப்புமைகள் நூலுக்குள்ளேயே சான்றுள்ளவை. சில, வாசிப்பவர் வெளியிலிருந்து கொண்டுவந்து பொருத்தியவை.

பெயரும் எண்ணும்

தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகளின் வேதாகமத்தில் இந்நூல் "சங்கீதம்" என்றும், 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் "திருப்பாடல்கள்" என்றும் பெயர் பெற்றுள்ளது. விவிலியத்தின் கடைசி நூல் முன்னதில் "வெளிப்படுத்தின விசேஷம்", பின்னதில் "திருவெளிப்பாடு". கடைசிக்காலம் பற்றிய தமிழ்ப் பிரசங்கங்களில் வழங்கும் "இரகசிய வருகை", "பகிரங்க வருகை", "மகா உபத்திரவம்", "அந்திக்கிறிஸ்து" போன்ற சொற்கள் பெரும்பாலும் சீர்திருத்தத் திருச்சபை, பெந்தெகொஸ்தே வழக்கைச் சேர்ந்தவை. கத்தோலிக்க வழக்கில் "இறுதிக் காலம்", "மானிட மகன் வருகை" போன்ற தொடர்களே மிகுதி.

சங்கீதங்கள் மொத்தம் 150. எல்லா மரபுகளும் இந்த 150 ஐ ஒரே மாதிரி எண்ணுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. எபிரெய மரபில் 9, 10 எனத் தனித்தனியாக உள்ள பாடல்கள் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் ஒரே பாடல். 114, 115 ஆகியவையும் அப்படியே. மறுபக்கம் எபிரெயத்தின் 116, 147 ஆகிய இரண்டும் கிரேக்கத்தில் இரண்டிரண்டாகப் பிரிகின்றன. இதனால் 10 முதல் 147 வரை பெரும்பாலான பாடல்களுக்குக் கிரேக்க எண் ஒன்று குறைவாக வரும். இலத்தீன் வுல்காத்தா இந்தக் கிரேக்க எண்ணையே பின்பற்றியது. மனந்திரும்புதலின் பாடலாகப் புகழ்பெற்ற 51 ஆம் சங்கீதம், இலத்தீன் வழிபாட்டில் நூற்றாண்டுகளாக 50 ஆம் சங்கீதமாகவே பாடப்பட்டது இதனால்தான். கிரேக்கத் தொகுப்பில் 151 ஆம் சங்கீதம் ஒன்றும் உண்டு.

அப்போஸ்தலர் 13:33 இல் பவுலின் பிரசங்கம் "இரண்டாம் சங்கீதம்" என்று எண் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் பெசா கையெழுத்துப் படி எனப்படும் பழம்பிரதியில் அதே இடத்தில் "முதலாம் சங்கீதம்" என்று இருக்கிறது. முதல் இரண்டு சங்கீதங்களையும் ஒன்றாக எண்ணும் வழக்கம் யூதரிடையேயும் இருந்ததைத் தல்மூது காட்டுகிறது. சாக்கடல் அருகே கும்ரானில் 1956 இல் கண்டறியப்பட்ட 11 ஆம் குகையின் சங்கீதச் சுருளில் பிற்பகுதிச் சங்கீதங்களின் வரிசையே மாறியுள்ளது. பாடல்கள் பழையவை, எண்ணும் வரிசையும் மெல்ல மெல்ல நிலைபெற்றவை. இந்தச் செய்தி பின்னால் தேவைப்படும்.

புதிய ஏற்பாட்டுக்குள் உள்ள ஒப்புமைகள்

மிக உறுதியான ஒப்புமைகள் இங்கேதான் உள்ளன. வெளிப்படுத்தின விசேஷம் பழைய ஏற்பாட்டை மேற்கோள் குறிப்போடு ஒருமுறைகூட எடுத்துக்காட்டுவதில்லை. ஆனால் அதன் சொற்கள் பழைய ஏற்பாட்டின் எதிரொலிகளால் நிறைந்தவை. தானியேல், எசேக்கியேல், ஏசாயா ஆகிய நூல்களோடு சங்கீதமும் அதன் ஊற்றுகளில் முக்கியமானது.

இரண்டாம் சங்கீதம் முதன்மையான எடுத்துக்காட்டு. பூமியின் அரசர்கள் கூடி, கர்த்தருக்கும் அவர் அபிஷேகம் செய்தவருக்கும் எதிராகச் சதி செய்வதையும், அந்த அரசர் இருப்புக்கோலால் ஜாதிகளை நொறுக்குவதையும் அது பாடுகிறது. எருசலேமில் ஒரு புதிய அரசன் முடிசூடும்போது, அடங்கியிருந்த சிற்றரசர்கள் கிளர்ச்சி செய்வதுதான் அதன் முதற்சூழல் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அப்போஸ்தலர் 4 ஆம் அதிகாரம் இதை ஏரோது, பிலாத்து ஆகியோரின் செயலுக்குப் பொருத்துகிறது. அங்கே பாடல் நிறைவேறிவிட்ட ஒன்று. வெளிப்படுத்தின விசேஷமோ அதே இருப்புக்கோலை 2:27, 12:5, 19:15 என மூன்று இடங்களில் கையாண்டு, வரப்போகும் வெற்றியின் அடையாளமாக்குகிறது. 2:27 இல் அந்தக் கோல் கிறிஸ்துவிடம்கூட இல்லை. துன்பத்தில் நிலைத்து நிற்கும் தியத்தீரா சபையாருக்குத் தரப்படும் வாக்குறுதி அது. ஒரே பாடலைப் புதிய ஏற்பாடே மூன்று திசைகளில் படிக்கிறது என்பதைக் கவனித்தால், "இந்த வசனத்துக்கு இந்த நிகழ்ச்சி" என்று ஒன்றுக்கு ஒன்றாகப் பொருத்துவது அந்நூலாசிரியர்களின் வழியே அல்ல என்பது விளங்கும்.

புதிய ஏற்பாட்டில் மிக அதிகமாக எடுத்தாளப்படுவது 110 ஆம் சங்கீதம். பகைவர் பாதபடியாகும் வரை வலது பக்கத்தில் அமர்ந்திருக்கும்படி ஆண்டவர் தம் ஆண்டவரிடம் சொல்வதாக அது தொடங்குகிறது. இதிலுள்ள "வரை" என்ற சொல் கடைசிக்காலச் சிந்தனைக்கு ஒரு கீல் போன்றது. அமர்தல் நிகழ்ந்துவிட்டது, அடங்குதல் இன்னும் முடியவில்லை என்று 1 கொரிந்தியர் 15:25 இல் பவுல் வாதிடுவது இச்சொல்லின் மேல்தான். 118 ஆம் சங்கீதமும் இப்படியே. பஸ்கா நாளில் யூதர்கள் பாடும் அல்லேல் தொகுதியின் கடைசிப் பாடலான அது, எருசலேம் நுழைவின்போது மக்களால் பாடப்படுகிறது. சில நாட்களில் இயேசு அதே வசனத்தைச் சொல்லி, அதை நீங்கள் மறுபடி சொல்லும் வரை என்னைக் காணமாட்டீர்கள் என்கிறார் (மத்தேயு 23:39). ஒரே வரி, ஒருமுறை வந்ததற்கும் ஒருமுறை வரப்போவதற்கும் பயன்படுகிறது.

"அல்லேலூயா" என்ற சொல்லின் பயணமும் இதோடு சேர்ந்தது. எபிரெயப் பழைய ஏற்பாட்டில் அது சங்கீத நூலில் மட்டுமே, அதுவும் 104 ஆம் சங்கீதத்தின் கடைசியிலிருந்துதான் வருகிறது. அந்த இடத்தில் பாவிகள் பூமியிலிருந்து அற்றுப்போகும்படி வேண்டுகிறார் பாடகர். புதிய ஏற்பாட்டில் இச்சொல் வெளிப்படுத்தின விசேஷம் 19 ஆம் அதிகாரத்தில் மட்டும் நான்கு முறை வருகிறது. அங்கும் சூழல் பாபிலோனின் வீழ்ச்சி. ஞாயிறு ஆராதனையில் மகிழ்ச்சி முழக்கமாகக் கேட்கும் இச்சொல்லுக்குப் பின்னால், கொடியவனின் ஆட்சி முடிந்ததே என்ற பெருமூச்சு இருக்கிறது.

மற்ற ஒப்புமைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் "எதுவரைக்கும்" என்று கேட்பது (வெளி. 6:10) 79, 94 ஆம் சங்கீதங்களின் முறையீடு. ஜீவபுஸ்தகத்திலிருந்து பெயர் கிறுக்கப்படுவது (3:5) 69:28 இன் சாயல். கோபத்தின் பாத்திரம் (14:10) 75:8 இல் உள்ளது. பாபிலோன் செய்தபடியே அதற்குச் செய்யச் சொல்வது (18:6) 137:8 இன் கசப்பான வேண்டுதல். எல்லா ஜாதிகளும் வந்து பணிவார்கள் என்பது (15:4) 86:9 இலிருந்து வருகிறது. உண்மையுள்ள சாட்சி, முதற்பேறானவர், பூமியின் அரசர்களுக்கு அதிபதி என்ற பட்டங்கள் (1:5) 89 ஆம் சங்கீதத்திலிருந்து வருகின்றன.

மறுபக்கமும் உண்டு. ஆயிரவருஷ அரசாட்சியைப் பற்றிப் பேசுவோர் மிகவும் விரும்பும் 72 ஆம் சங்கீதத்தை, அதாவது சமுத்திரம் தொடங்கிச் சமுத்திரம் வரை ஆளும் நீதியுள்ள அரசனைப் பற்றிய பாடலை, புதிய ஏற்பாடு எங்குமே நேரடியாக மேற்கோள் காட்டவில்லை.

யூத மரபு

இவ்வகை வாசிப்பைக் கிறித்தவர்களின் கண்டுபிடிப்பு எனச் சொல்லமுடியாது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த "சாலொமோனின் சங்கீதங்கள்" என்ற யூத நூலின் 17 ஆம் பாடல், தாவீதின் மகன் இருப்புக்கோலால் பாவிகளை நொறுக்குவான் என எதிர்பார்க்கிறது. பாபிலோனியத் தல்மூது 2 ஆம் சங்கீதத்தைக் கோகு, மாகோகு போரைப் பற்றியதாகக் கொண்டு, அதை அடுத்து அப்சலோமின் கலகத்தைப் பற்றிய 3 ஆம் சங்கீதம் ஏன் வருகிறது என்று கேட்கிறது. அடிமை எசமானுக்கு எதிராக எழுவதை நம்ப முடியாதவனுக்கு, மகன் தகப்பனுக்கு எதிராக எழுந்த கதையைக் காட்டு என்பதே அதன் விடையின் சாரம். கணக்குப் போடுவதைவிட இது எவ்வளவோ நுட்பமானது.

ஆயிரம் ஆண்டு என்ற சிக்கல்

ஆயிரம் ஆண்டுகள் கடவுளுக்கு ஒரு நாள் போன்றவை என்ற 90:4 இன் உவமை, மனித வாழ்வின் சிறுமையைச் சொல்ல வந்தது. 2 பேதுரு 3:8 அதை, வருகை தாமதிப்பதாகக் கேலி செய்தவர்களுக்கு விடையாகத் திருப்பியது. கணக்கிடாதீர்கள் என்பதே அங்கு செய்தி. ஆனால் பர்னபாவின் நிருபம் எனப்படும் பழைய நூல், படைப்பின் ஆறு நாட்களோடு இவ்வுவமையைப் பெருக்கி, உலகம் 6,000 ஆண்டில் முடியும் என்றது. கணக்குத் தடுப்பதற்காகச் சொன்ன வரியே கணக்கின் அளவுகோலாகிவிட்டது. இரேனியுவும் இக்கருத்தை ஏற்றார்.

ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன், "கடவுளின் நகரம்" நூலின் 20 ஆம் புத்தகத்தில் ஆயிரம் ஆண்டைத் திருச்சபையின் காலமாக விளக்கினார். சங்கீதங்களை அவர் கிறிஸ்துவும் அவருடைய உடலாகிய சபையும் சேர்ந்து பேசும் குரலாகப் படித்தார். மேற்கத்தியத் திருச்சபை பெரும்பாலும் இவ்வழியே சென்றது. சங்கீத நூலைச் சிறு வேதாகமம் என்று போற்றிய லூத்தரின் மரபும் இதில் மாறவில்லை. 1530 ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 17 ஆம் பிரிவு, உயிர்த்தெழுதலுக்கு முன் பக்தர்கள் இவ்வுலக அரசாட்சியைப் பிடிப்பார்கள் என்ற போதனையை வெளிப்படையாக மறுக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையும் 1944 இல் வெளியிட்ட ஆணையில், மிதமான ஆயிரவருஷக் கொள்கையைக்கூடப் பாதுகாப்பாகக் கற்பிக்க முடியாது என்றது.

திருப்பம் வந்தது 19 ஆம் நூற்றாண்டில். சகோதர சபை இயக்கத்தின் ஜான் நெல்சன் டார்பி (1800–1882), இஸ்ரவேலுக்குரிய வாக்குறுதிகளையும் சபைக்குரியவற்றையும் முற்றாகப் பிரித்தார். சங்கீத நூலின் ஐந்து புத்தகங்களையும் (1–41, 42–72, 73–89, 90–106, 107–150) அவர் கடைசிக்கால யூத மீதியானோரின் நாடகமாகப் படித்தார். முதற்புத்தகத்தில் அவர்கள் எருசலேமில் இருக்கிறார்கள், இரண்டாவதில் துரத்தப்படுகிறார்கள், ஐந்தாவதில் திரும்புகிறார்கள். "பகைவரை அழியும்" என்று கெஞ்சும் சங்கீதங்கள் ஒரு கிறித்தவனின் வாயில் எப்படிப் பொருந்தும் என்ற பழைய நெருடலுக்கு இது வசதியான விடை அளித்தது: அவை சபையின் வேண்டுதல்களே அல்ல, உபத்திரவ காலத்து யூதரின் வேண்டுதல்கள் என்று சொல்லிவிடலாம். இழப்பும் அதே இடத்தில்தான். துன்பத்தில் இருக்கும் ஒரு வாசகனுக்கு அந்தப் பாடல் இன்று அவனுடையது அல்ல என்றாகிவிடுகிறது. டார்பியின் பிரிவு முறை 1909 இல் வெளியான ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமத்தின் வழியாக உலகெங்கும் பரவியது.

திருநெல்வேலியும் திருவிதாங்கூரும்

சகோதர சபைக் கருத்துகள் தமிழ்நாட்டுக்கு வந்த வழி அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் (1795–1853). 1833 இல் இந்தியாவுக்கு வந்த குரோவ்ஸ் டார்பியின் நண்பராக இருந்தாலும் அவரோடு முழுதும் ஒத்துப்போனவர் அல்ல. மற்றச் சபையாரை விலக்கும் டார்பியின் போக்கைக் கண்டித்து 1836 இல் அவருக்குக் கடிதம் எழுதியவர். திருநெல்வேலியில் ரேனியுஸின் மாணவராயிருந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867) குரோவ்ஸோடு சேர்ந்து உழைத்து, பின்னர் மிஷன் சம்பளம் எதுவும் பெறாமல் தனியே ஊழியம் செய்தார். 1840 இல் அவர் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை அமைத்தார். 1860 இல் அங்கு தொடங்கிய எழுப்புதலில் அழுகையும் பாவ அறிக்கையும் தீர்க்கதரிசனம் உரைத்தலும் நிகழ்ந்தன. அருளப்பனின் நாட்குறிப்புகளை ஜி. எச். லாங் 1939 இல் நூலாக வெளியிட்டதால் இந்நிகழ்ச்சிகள் விரிவாகத் தெரியவந்துள்ளன.

இந்த எழுப்புதலின் அலை திருவிதாங்கூருக்கும் பரவியது. அங்கு 1870களில் அதை முன்னின்று நடத்தியவர் ஜஸ்டஸ் ஜோசப். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861 இல் திருமுழுக்குப் பெற்று, ஆங்கிலிகன் சபையில் குருவானவர். வித்துவான் குட்டி என்று அறியப்பட்ட பாடலாசிரியர். இன்னும் ஆறு ஆண்டுகளில், அதாவது 1881 இல், கிறிஸ்து வருவார் என்று 1875 இல் அவருடைய கூட்டத்தார் அறிவித்தனர். "ஆறாண்டுக் கட்சி" என்றே மற்றவர்கள் அவர்களை அழைத்தனர். 1881 வந்து போயிற்று. கூட்டத்தில் பலர் கலைந்தனர். ஒரு பகுதியினர் யுயோமயம் என்ற பெயரில் தனிச் சபையாகத் தொடர்ந்தனர். ஜஸ்டஸ் ஜோசப் இயற்றிய மலையாளப் பாடல்கள் அவருடைய கணக்கைவிட நீண்ட ஆயுள் பெற்றன. கேரளச் சபைகள் இன்றும் அவற்றைப் பாடுகின்றன.

எண்ணை ஆண்டாக்கும் முறை

இன்று தமிழ்ப் பிரசங்கங்களிலும் துண்டுப் பிரதிகளிலும் தலைகாட்டும் ஒரு முறை அமெரிக்காவிலிருந்து வந்தது. ஜே. ஆர். சர்ச் என்ற போதகர் 1986 இல் வெளியிட்ட நூலில், சங்கீத நூல் பழைய ஏற்பாட்டின் 19 ஆம் புத்தகம், ஆகவே ஒவ்வொரு சங்கீதமும் 1900க்குப் பிந்திய ஒவ்வோர் ஆண்டைக் குறிக்கிறது என்று வாதிட்டார். 44 ஆம் சங்கீதத்தில் அடிக்கப்படும் ஆடுகள், யூதப் படுகொலை நடந்த 1944 எனப்படும். 48 இல் சீயோன் நகரும் பிரசவ வேதனையும் வருவதால் அது இஸ்ரேல் பிறந்த 1948 எனப்படும்.

முதல் கேள்வி, பாடலே என்ன சொல்கிறது என்பது. 48:6 இல் பிரசவ வேதனைப்படுவது சீயோன் அல்ல. அதைக் கண்டு பயந்து ஓடும் அரசர்கள். 44 இல் உள்ள ஆடுகளைப் பவுல் ரோமர் 8:36 இல் தம் காலத்துக் கிறித்தவர்களுக்குப் பொருத்திவிட்டார்.

இரண்டாவது, பொருந்தாதவற்றையும் எண்ண வேண்டும். உலகப்போர் முடிந்து இரண்டு நகரங்கள் அணுகுண்டால் அழிந்த 1945க்கு உரியது 45 ஆம் சங்கீதம். அது ஓர் அரசனின் திருமணப் பாடல். ஆறு நாள் போர் நடந்த 1967க்குரிய 67, எல்லா ஜாதிகளுக்கும் ஆசீர்வாதமும் நல்ல விளைச்சலும் வேண்டும் ஏழு வசனங்கள். கொள்ளைநோயைப் பற்றிய புகழ்பெற்ற சங்கீதம் 91. கொரோனா வந்ததோ 2020 இல். கோடிக்கணக்கானோர் இறந்த 1918 ஆம் ஆண்டின் காய்ச்சலுக்கு 18 ஆம் சங்கீதத்தில் ஒரு சொல்லும் இல்லை. வேண்டுமானால் இந்தியர் ஒருவர் 47 ஐ எடுத்து, ஜாதிகள் மேல் கடவுள் அரசாளுகிறார் என்று அது பாடுவதால் 1947க்குப் பொருந்துகிறது எனலாம். அந்தப் பொருத்தம் 48க்குச் சொல்லப்படும் பொருத்தத்தைவிட எந்த வகையிலும் குறைந்ததல்ல. 150 பாடல்களில் போர், பகைவர், நகரம், அரசர், அழுகை ஆகியவை எங்கும் நிறைந்திருப்பதால், எந்த ஆண்டுக்கும் ஏதோ ஒரு வரி அகப்படும்.

மூன்றாவது, முன்னர் சொன்ன எண் வேறுபாடு. செப்துவஜிந்திலும் வுல்காத்தாவிலும் 48 ஆம் சங்கீதம் 47 தான். 67 என்பது 66. எபிரெய வேதாகமத்தின் நூல் வரிசையில் சங்கீதம் 19 ஆம் புத்தகமும் அல்ல. அது தீர்க்கதரிசன நூல்களுக்கும் பின்னால் வரும் மூன்றாம் பிரிவில் உள்ளது. ஆண்டுக் கணக்கோ ஆறாம் நூற்றாண்டில் டையோனீசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி அமைத்தது. எபிரெயரின் பாடல் எண், கிரேக்க மரபின் நூல் வரிசை, உரோமைத் துறவியின் ஆண்டு எண் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சந்திப்பது சீர்திருத்தத் திருச்சபைகளின் அச்சு வேதாகமத்தில் மட்டுமே.

இம்முறைக்கு ஆதாரமாக 102:18 காட்டப்படுவதுண்டு. தமிழில் "பின்சந்ததி" என்றுள்ள எபிரெயத் தொடர் "தோர் அகரோன்". அதைக் "கடைசித் தலைமுறை" என்று மொழிபெயர்த்து, இப்பாடல்கள் கடைசிக்காலத்தாருக்கே எழுதப்பட்டன என்பர். அதே தொடர் 78:4 இல் வருகிறது. இரண்டு வசனம் தள்ளி 78:6 அதை விளக்கியும் விடுகிறது: இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகள், அவர்கள் பெறும் பிள்ளைகள். கடைசித் தலைமுறைக்குப் பேரப்பிள்ளைகள் இருக்க முடியாது. இந்த இடத்தில் பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் சரியாகவே செய்திருக்கிறார்கள்.

பத்துப் பகைவர்

83 ஆம் சங்கீதம் ஏதோம், இஸ்மவேலர், மோவாப், ஆகாரியர், கேபால், அம்மோன், அமலேக்கு, பெலிஸ்தர், தீரு, அசீரியா எனப் பத்து மக்களை அடுக்கி, இவர்கள் இஸ்ரவேலின் பெயரே இல்லாதபடி அழிக்கக் கூடியிருப்பதாகச் சொல்கிறது. இந்தப் பத்தும் ஒன்றுசேர்ந்த போர் எதுவும் பழைய ஏற்பாட்டு வரலாற்றில் இல்லை. ஆகவே அது இனிமேல் நடக்கவேண்டும் என்பது பில் சாலஸ் போன்ற அண்மைக்கால எழுத்தாளர்களின் வாதம். பழைய பெயர்களின் இடத்தில் இன்றைய அரபு நாடுகளை வைப்பது அவர்களின் முறை. எண்–ஆண்டு முறையைவிட இது கவனத்துக்குரியது, ஏனெனில் கேள்வி பாடலின் உள்ளிருந்து எழுகிறது.

ஆனாலும் பட்டியலில் எகிப்து இல்லை. 1948, 1967, 1973 ஆகிய மூன்று போர்களிலும் இஸ்ரேலின் முதன்மை எதிரி எகிப்துதான். ஆகாரியரை ஆகாரின் வழியாக எகிப்தாக்கிவிடுவோர் உண்டு. 1 நாளாகமம் 5:10 அவர்களைக் கீலேயாத்துக்குக் கிழக்கே வைக்கிறது. பத்து என்ற நிறைவெண்ணும், சுற்றிலும் நான்கு திசையிலும் பகைவரை நிறுத்தும் அடுக்கும், இது ஒரு குறிப்பிட்ட படையெடுப்பின் அறிக்கையைவிட, சூழப்பட்ட ஒரு சிறு மக்களின் அச்சத்தைப் பாடும் வழிபாட்டுப் பாடல் என்பதையே காட்டுகின்றன. இன்றைய அரசியலில் இதன் விளைவு சிறியதல்ல. ஒரு நாட்டு மக்கள் முழுவதும் முன்பே குறிக்கப்பட்ட பகைவர் என்று வாசகர் நம்பிவிட்டால், அவர்களிடையே வாழும் கிறித்தவர்களும் அந்தப் பட்டியலுக்குள் போய்விடுகிறார்கள். தீரு நகரில் பவுல் ஏழு நாள் சீஷர்களோடு தங்கினார் என்று அப்போஸ்தலர் 21 சொல்கிறது.

எழுபதும் எண்பதும்

90:10 மனித ஆயுளை எழுபது, பெலத்தினால் எண்பது என்கிறது. மத்தேயு 24:34 இல் "இந்தச் சந்ததி" ஒழிவதற்குள் எல்லாம் நிகழும் என்ற கூற்றோடு இதை இணைத்து, இஸ்ரேல் பிறந்த 1948 உடன் 70 அல்லது 80 ஐக் கூட்டுவது ஒரு வழக்கம். முன்பு இதே இடத்தில் 40 தான் இருந்தது. ஹால் லிண்ட்சேயின் 1970 ஆம் ஆண்டு நூல் ஒரு தலைமுறையை ஏறத்தாழ 40 ஆண்டாகக் கொண்டதால் 1988 எதிர்பார்ப்பு ஆண்டாயிற்று. எட்கர் விசனன்ட் அவ்வாண்டு செப்டம்பரில் எடுத்துக்கொள்ளப்படுதல் நிகழும் என்பதற்கு 88 காரணங்கள் எழுதினார். 1988க்குப் பின் 40 கைவிடப்பட்டு 70 வந்தது. 2018க்குப் பின் 80 வந்தது. 90 ஆம் சங்கீதத்தின் 12 ஆம் வசனம் நாட்களை எண்ணக் கற்பிக்கும்படி கேட்பது உண்மை. அங்கே எண்ணப்படுவது பாடுபவரின் சொந்த நாட்கள்.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில்

நைனார்பாளையம் அமைந்துள்ள கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முன் 1993 வரை எல்லாம் ஒன்றாகத் தென்னார்க்காடு. இப்பகுதியில் மேலே சொன்ன மூன்று வாசிப்புகளும் அருகருகே வாழ்கின்றன. எறையூர் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள் புதுச்சேரி–கடலூர் உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. 1860களில் கார்ல் ஓக்ஸ் மேல்பட்டாம்பாக்கத்தில் தொடங்கிய பணி டேனிஷ் மிஷனோடு இணைந்து, பின்னர் ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தது. இது ஆக்ஸ்பர்க் அறிக்கையின் மரபு. 1920களில் கொழும்பில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் முதலாகப் பல பெந்தெகொஸ்தே சபைகள் இரகசிய வருகையின் எதிர்பார்ப்பைத் தமிழகம் முழுதும் கொண்டுவந்தன.

எனவே ஒரே தெருவில் உள்ளவர்களுக்கு ஒரே சங்கீதம் வெவ்வேறாகக் கேட்கலாம். கத்தோலிக்க வாசக ஒழுங்கில், திருவழிபாட்டு ஆண்டு முடியும் நவம்பர் மாதத்தில், மூன்றாம் சுழற்சியின் 33 ஆம் ஞாயிறன்று கோவில் இடிபடுவது பற்றிய லூக்கா நற்செய்தியோடு 98 ஆம் திருப்பாடல் பாடப்படுகிறது. கடல் முழங்கவும் ஆறுகள் கைகொட்டவும் ஆண்டவர் நீதி வழங்க வருகிறார் என்பது அதன் பொருள். நட்சத்திரங்கள் விழுவதையும் போர்களையும் பேசும் வாசகங்களுக்கு நடுவே, நியாயத்தீர்ப்பு இங்கே ஆறுகள் கைதட்டும் செய்தியாக வருகிறது. சங்கீதக்காரர்களுக்கு நியாயம் விசாரிக்கப்படுவது பெரும்பாலும் அச்சுறுத்தல் அல்ல. வழக்கு நெடுநாளாகக் கேட்கப்படாமல் கிடக்கும் ஏழைக்கும் விதவைக்கும் திக்கற்ற பிள்ளைக்கும், நீதிபதி ஒருவழியாக வந்து உட்கார்ந்துவிட்டார் என்ற சேதி. பெந்தெகொஸ்தே கூட்டங்களில் இதே 98 ஆம் சங்கீதம் பகிரங்க வருகைக்கும் ஆயிரவருஷ அரசாட்சிக்கும் உரியதாகப் பிரசங்கிக்கப்படுகிறது. லுத்தரன் சபைகளில் அது கிறிஸ்துமஸ் நாளின் சங்கீதம்.